மூன்றாம் கண்ணி

பேராதனையில் நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது.
எலியறைக் கண்ணாடியில் வியர்வை.
எல்லாம் கறுப்பு. ஒரே தீனி,
ஒரே மகாவலித் தண்ணீர்.
காதில் நான் போட்ட வெட்டைப் பார்த்தால்தான்
எது எந்தக் குடியென்று தெரியும்.
பதினேழாம் நிறமூர்த்தத்தில் ஒரு சின்னத் துண்டு,
அவ்வளவுதான் வித்தியாசம்.

கோழிமுட்டை வெள்ளையில் பிரித்த புரதம்,
நூற்றிருபத்தொன்பது கண்ணி கோத்த சங்கிலி.
இரு குடிக்கும் ஒரே நாளில், ஒரே அளவில் ஏற்றினேன்.
இரட்டை வெட்டுக்காரர் கொதித்தெழுந்தார்கள்,
தெளியம் விட்ட குழியெல்லாம் மஞ்சள்.
ஒற்றை வெட்டு: பச்சைத் தண்ணீர்.

"ஊசி போட மறந்திருப்பாய்" என்றார் பேராசிரியர்.
மறக்கவில்லை. கொப்பியில் இருக்கிறது
நாள், நேரம், பெருவிரலில் வாங்கிய கடி.
மறுபடி போட்டேன்.
மறுபடி தண்ணீர்.
'ஊமை' என்று எழுதிவைத்தேன்.

பிறகு கம்பளையில் காடை வளர்க்கும் ஜெசீமாவிடம்
முப்பது முட்டை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தேன்.
காடையின் சங்கிலியும் அதே நீளம், அதே மடிப்பு.
ஐந்தாறு கண்ணிதான் வேறு,
மூன்றாவதில் ஒரேயொரு ஒட்சிசன் கூட.
ஊசியே காணாத ஒற்றை வெட்டுக்காரருக்கு
அதைக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் மின்வெட்டு.
சந்தி மீன்கடை ஐஸில் குழாய்களைப் புதைத்துவிட்டு
நானும் நிலூகாவும் இருட்டில் இருந்தோம்.
ஒன்பதரைக்கு வெளிச்சம்.
கடைசித் துளியை விட்டு, தட்டைத் தூக்கிப் பிடித்தோம்.
ஒற்றை வெட்டின் வரிசை
மெல்ல, கடுகுப்பூ போல, மஞ்சளாயிற்று.
பக்கத்து வரிசையும்.
பக்கத்து வரிசையில் பூசியிருந்தது கோழி.

காடையைக் கண்டபின்
கோழியும் அடையாளம் தெரிந்துவிட்டது அவற்றுக்கு.
அப்படியென்றால் நாக்கு இருந்திருக்கிறது.
மூன்றாம் கண்ணியில் நின்று
யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

"உங்கட தோட்டத்துக் கதை மாதிரி" என்றாள் நிலூகா.
நாகவல்லி, பத்திரத்தில் நகவல்லி ஆகி,
விடுபட்ட அந்த ஒரு காலுக்காக
நுவரெலியாக் கச்சேரிக்கு ஏழு தரம்
கால் தேய நடந்ததை அறிந்தவள்.
"இல்லை" என்றேன். "இது எலி."

சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்தேன்.
ஊமையை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன்,
வெட்டியது தெரியும்படி. ஆய்வுகூட விதி அது.
பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்,
காலோடு.
கடைசிப் புசல்லாவை பஸ் போய்விட்டிருந்தது.
மேசை விளிம்பில் ஐஸ் உருகி
மீன் மணத்தோடு சொட்டிக்கொண்டிருந்தது.