மூன்றாம் தானம்

வெள்ளிக்கிழமை மதியம், மனாமா, ஹூரா.
பூட்டப் போன அலுவலகத்துக்குள்
சந்தியாகு வந்து நின்றார்,
சல்மாபாத் பட்டறையில் இரும்பு வெட்டுகிறவர்.
கையில் நான்கு மாதச் சம்பளச் சீட்டு,
போனில் ஒரு குரல்பதிவு.
"இத நீங்களே கேட்டிருங்க சார்,
என்னால பதில் சொல்ல முடியல."

மூக்கையூரிலிருந்து பனிமயம் பேசினாள்.
பின்னால் மிக்சி ஓடி நின்றது.
"மணிக்கு அறுநூத்தி இருபத்தஞ்சு பில்ஸ்.
முப்பத்தேழு மணி ஓவர்டைம்.
பெருக்கினா இருபத்திமூணு தினார், நூத்தி இருபத்தஞ்சு.
தொண்ணூத்தஞ்சோட கூட்டினா
நூத்திப் பதினெட்டு, நூத்தி இருபத்தஞ்சு.
சீட்டுல புள்ளிக்குப் பிறகு ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதான்.
அஞ்சு பில்ஸ் எங்க?
முந்தின மாசம் முப்பத்தொம்பது மணி.
அதுல அஞ்சு பில்ஸ் கூட இருக்கு.
அது யாரு காசு?
குறைஞ்சது கெடக்கட்டும்.
கூடுனதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
ஐந்து பில்ஸுக்குக்
கோல்ட் ஸ்டோர்க்காரர் கல்லாவைத் துழாவ மாட்டார்,
சூயிங்கம் எடுத்து நீட்டுவார்.

நிரலைத் திறந்தேன்.
துபாய்க்காக யாரோ எழுதியது;
இங்கே கொண்டுவந்து ஒட்டியவன் நான்.
திர்ஹம் நூறாக உடையும்.
தினார் ஆயிரமாக உடையும்.
ஒரு சதவீதக் குறி, ஒரு புள்ளி, ஓர் இரண்டு, ஓர் எஃப்.
அந்த இரண்டு
மூன்றாம் இலக்கத்தை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.
பாதியில் வந்து நிற்கும் ஐந்து
எந்தப் பக்கம் இரட்டைப்படையோ அந்தப் பக்கம் சாயும்:
பன்னிரண்டரை பன்னிரண்டாகும்,
முப்பத்தேழரை முப்பத்தெட்டாகும்.
நெடுநாளில் யாருக்கும் நஷ்டமில்லை,
ஏறியதும் இறங்கியதும் சரியாகிவிடும் என்பது ஏற்பாடு.
பனிமயத்துக்கு நெடுநாள் என்று ஒன்று இல்லை,
மாதம்தான் உண்டு.

"பேங்க்ல முழுசா விழுந்திருக்குண்ணே.
உள்ள இருக்குற எண் சரி.
காட்டுறதுதான் தப்பு."
சந்தியாகு சீட்டுகளை மடித்தார்.
"அவளுக்குக் காட்டுறதுதானே சார் போகுது?"

இரண்டை அழித்து மூன்று போட்டேன்.
மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.
போகும்போது மேசையில் ஒரு காசு வைத்தார்,
ஈச்சமரம் போட்ட ஐந்து பில்ஸ்,
எங்கே தேடிப் பிடித்தாரோ.
"கூடுன மாசத்துக்கு. குடுத்துரச் சொன்னா."
கூடவே இல்லை, தாளில்தான் கூடியது என்று
எவ்வளவோ சொன்னேன்.
லிப்ட் வந்துவிட்டது.

ஜூலை. உச்சிவேளையில் வெளிவேலைக்குத் தடை,
பட்டறையிலும் ஆர்டர் இல்லை, ஓவர்டைம் பூஜ்யம்.
சீட்டு பிசகில்லாமல் அச்சானது:
95.000.
படம் மூக்கையூர் போனது.
பனிமயத்தின் கொழுந்தன் புள்ளியைக் கமாவாகப் படித்தான்.
விளக்கு வைப்பதற்குள்
படகு எஞ்சினுக்கு ஒருவர்,
காதுகுத்துக்கு ஒருவர்,
சந்தியாகப்பர் திருவிழா வரி என்று
ரசீதுப் புத்தகத்தோடு இருவர்.

மறுபடி குரல்பதிவு, இம்முறை எனக்கே.
"சார், கணக்கு இப்ப சுத்தமா இருக்கு.
அந்தப் புள்ளிய மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.
எனக்குத் தெரியுது.
மத்தவங்களுக்குத் தெரியல."

புள்ளிக்குத் தடிமன் ஏற்றினேன்.
கடைசி மூன்று இலக்கத்தைச் சிறிதாக்கினேன்.
பக்கத்தில் தினார், பில்ஸ் என்று எழுத்திலும் போட்டேன்.
சீட்டு பார்க்க அழகாக இல்லை என்றார் மேலாளர் ஹனான்.
இல்லைதான்.

காசு இன்னும் என் இழுப்பறையில்,
ஸ்டேப்ளர் ஊசிகளுக்கு நடுவே.
சோதனைக் கோப்பு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்:
முப்பத்தேழு மணி, முப்பத்தொன்பது மணி, மணியே இல்லாத மாதம்.
கோப்பின் பெயர் பனிமயம்.
தினமும் இரவு இரண்டு மணிக்கு
சர்வர் அவளிடம் கணக்கை ஒப்பிக்கிறது.
இதுவரை
ஒத்துக்கொண்டிருக்கிறாள்.