வட்ட ரயிலில் இரண்டாம் தாள்

வீட்டில் கரண்ட் வருவது நள்ளிரவு ஒன்றுக்கு.
அப்போது மோட்டார் போடுவேனா,
மனித உரிமை படிப்பேனா?
ஆகவே இருநூறு கியாட் டிக்கெட்.
மூன்று மணி நேரம் ஜன்னல் வெளிச்சம்,
காடைமுட்டைக்காரியின் கூடை முழங்காலில் இடிக்க
யாங்கோனை ஒரு சுற்று.

விரிவுரையாளர் தகுதித் தேர்வு.
தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும்.
உலகப் பிரகடனத்தின் முப்பது விதிகளும்
வரிசை குலையாமல் நிற்க ஒரு வழி கண்டேன்:
விதிக்கு ஒரு நிலையம்.

பயாலானில் எல்லோரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள்.
பிறந்த கையோடு
வெற்றிலை எச்சில்மேல் கால் படாமல்
இறங்கத் தெரிய வேண்டும்.
அலோனில் சித்திரவதை கூடாது.
லெடானில் எவரையும் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது.
அங்கே ரயில் சற்று அதிகம் நிற்கும்,
நான் அட்டைப்படத்தை மடியோடு கவிழ்த்து வைப்பேன்.

பதினாறு: மணம் புரியவும் குடும்பம் நடத்தவும் உரிமை.
அது இன்செய்ன்.
நான் திட்டமிடவில்லை,
எண்ணிக்கொண்டு போனால் அப்படித்தான் விழுந்தது.
அடுக்குப் பாத்திரத்தை லோன்ஜி மடிப்பில் இறுக்கியபடி
எதிரே இருந்தவள் கேட்டாள்.
"பரீட்சையா?"
"ஆமாம்."
"எல்லாம் தெரியுமா?"
"தெரியும்."
"அப்போ பாஸ்தான்" என்று சிரித்து
சிறைச்சாலைப் பக்கம் இறங்கிப் போனாள்.
வறுத்த கூனிப்பொடியின் வாசம் மட்டும்
இன்னும் சில நிலையங்கள் கூட வந்தது.

டான்யின்கோன், இருபது, அமைதியாகக் கூடும் உரிமை.
முட்டைக்கோசுகள் கூடுகின்றன.
கொத்தமல்லி, முள்ளங்கி, கால் கட்டிய கோழிகள்,
ஒரு பெட்டிக்குள் இருநூறு பேரும் அவர்கள் மூட்டைகளும்
எவரிடமும் அனுமதி கேட்காமல்.

ஜோகோனை விட்டுவிட்டேன்.
வேண்டுமென்றுதான்.
பதினைந்து அங்கே இருக்கிறது:
ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு.

என் அட்டை நீலம்.
எண்ணுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் 'ஏ' என்று ஓர் எழுத்து,
பர்மிய மொழியில் விருந்தாளி.
வீட்டில் பவளக்கொடி, அட்டையில் சான் சான் மியா,
முப்பத்திரண்டு வருட விருந்து.
எந்த வீட்டில் விருந்தாளி
இத்தனை நாள் பாத்திரம் தேய்த்திருக்கிறாள்?
விண்ணப்பம் வாங்கிய எழுத்தர்
அந்த எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டார்.
"பென்சில்தானே, அழித்துவிடலாம்" என்றார்.
யார் அழிப்பது என்று நான் கேட்கவில்லை.
வரிசை நீளமாக இருந்தது.
கேட்டிருக்கலாம்.

யேகூவில் முப்பது முடிகிறது:
இவ்வுரிமைகளை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.
அதற்குப் பிறகும் ரயில் போகிறது,
பாரமி, கன்பே, பௌட்டோ, தாம்வே,
இன்னும் நாலு.
விதியில்லாத எட்டு நிலையங்கள்.
அதில் ஒன்றில்தான் என் வீடு.
தமிழில் விதிக்கு இரண்டு பொருள்;
தேர்வில் ஒன்றைத்தான் கேட்பார்கள்.

மாதிரித்தாளில் பதினேழு கேள்விகள் பாக்கி.
'கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது எது?'
அ, ஆ, இ, ஈ.
நாலும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது,
நாலும் இல்லாத மாதிரியும்.

தாம்வே.
மூன்றாம் மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது,
காலையில் சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறேன்.
கரண்ட் இன்று சீக்கிரம்!
பக்கத்துக்குள் விரலை வைத்தபடியே குதித்து
மழைச்சேற்றில் ஓடுகிறேன்.
போவதற்குள்
தொட்டியில் நாலு குடமாவது ஏற வேண்டும்.