ஆறு கிலோ இருநூற்று நாற்பது

ஐந்து ரோட்டில் இம்தியாஸ் கடைச் சுவர் முழுக்க ரிம்கள்.
வெண்கல நிறத்தில் ஒன்று, பதினேழு இன்ச்,
பத்து ஆரம். வெயில் பட்டால்
என் பழைய போலோ பக்கத்தில் நிற்கவே கூசும்.

"இதப் போட்டா சிக்னல்ல எல்லாரும் திரும்புவாங்க மேடம்."
திரும்பவேண்டியது நான், என்றேன்.
ஏற்காடு வரைக்கும்
இருபது கொண்டை ஊசி.

செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன்.
உருக்கும்போது எவ்வளவு போச்சு, அரத்தில் எவ்வளவு ஒட்டிச்சு என்று
மில்லிகிராமுக்குச் சண்டை போடுகிற வேலை.
பழக்கதோஷம்:
வெள்ளிக் கட்டி நிறுக்கும் மேசைத் தராசை
டிக்கியில் வைத்து எடுத்துப் போயிருந்தேன்.
இம்தியாஸ் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

வெண்கலம், பத்து கிலோ நானூறு.
கம்பெனியில் வந்தது, எட்டு தொள்ளாயிரம்.
மூலையில் ஒரு பதினைந்து இன்ச்,
அடர்சாம்பல், யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வராமல் போனது:
ஆறு கிலோ இருநூற்று நாற்பது.
எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.
ஆறு இருநூற்று நாற்பதேதான்.

சக்கரத்தில் குறைகிற ஒரு கிலோ
டிக்கியில் குறைகிற ஒரு கிலோ அல்ல.
அது சுழல்கிற கிலோ, குதிக்கிற கிலோ,
ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்துகொண்டு
குழிக்குக் குழி வண்டியோடு வாதாடுவது.
கனத்த கொலுசு மாட்டிக்கொண்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடினவளுக்குப் புரியும்.

"ஆர்ச்சுல இடைவெளி தெரியுமே மேடம்."
தெரியட்டும்.

டயர் இன்னும் கஷ்டம்.
மென்மையானது மலையைப் பிடிக்கும்,
இருபதாயிரத்தில் தீர்ந்துபோகும்.
கடினமானது ஐம்பதாயிரம் ஓடும்; ஆனால்
ஐப்பசி மழையில், பதினோராவது வளைவில்,
சில்வர் ஓக் இலை அப்பிக் கிடக்கும்போது என்ன செய்யும் என்று
எந்த விலை அட்டையிலும் போடவில்லை.

பாதி விலைக்கு ஒரு செட் எடுத்து வந்தார்.
புத்தம் புதுசு. நடுவில் மஞ்சள் கோடுகூட அழியவில்லை.
குனிந்து பக்கச்சுவரைப் படித்தேன்:
3119.
பத்தொன்பதாம் வருஷம், முப்பத்தோராவது வாரம்.
ஆடிப்பெருக்கு வந்த வாரம் அது.
ஆடியில் வீடு மாறக்கூடாது என்றார்கள்.
தர்மபுரியிலிருந்து இரண்டு பெட்டியோடு இறங்கி
கோரிமேட்டில் ஓர் ஒற்றை அறைக்கு மாறினேன்.

அன்றிலிருந்து இந்த டயர்
ஒரு மீட்டர்கூட ஓடாமல், ஒரு மயிரிழை தேயாமல்,
உறைக்குள் இறுகிக்கொண்டே இருந்திருக்கிறது.
நகத்தால் அழுத்தினேன். தடம் விழவில்லை.
வேண்டாம், என்றேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகச் சத்தமாக.

போன மாதம் அச்சை விட்டு வந்தது கிடைக்குமா?
நாலு நாள் ஆகும்.
ஆகட்டும்.

ஞாயிறு, ஐந்தே முக்கால், அடிவாரம்.
முதல் வளைவில் ஒன்றும் தெரியவில்லை, பணம்தான் ஞாபகம் வந்தது.
ஏழாவதில் ஸ்டியரிங் வழியாக
ரோடு பேச ஆரம்பித்தது:
இது ஒட்டுப்போட்ட தார், இது ஜல்லி,
இது நேற்றுப் பாறையிலிருந்து கசிந்து இன்னும் காயாதது.
பன்னிரண்டில், பனிக்குள்ளிருந்து குரங்குக் கூட்டம்.
அழுத்தினேன்.
நான் பயந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது வண்டி.
குட்டியை வயிற்றில் கவ்விய ஒன்று என்னை முறைத்தது,
பானெட்டை முறைத்தது, போய்விட்டது.
ரிம்மை அதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பது ஓடினதும் போல்ட்டை மறுபடி முடுக்கணும் என்று
சொல்லி அனுப்பியிருந்தார் இம்தியாஸ்.
லூப் ரோட்டையும் சுற்றி, ஏரிப்பக்கம் நிறுத்தி,
சூடு ஆறும்வரை ஒரு மிளகாய் பஜ்ஜி.
அப்புறம் தரையில் மண்டியிட்டேன்.
சக்கரத்துக்கு ஐந்து.
டார்க் ஸ்பேனர் டக் என்றால் கையை எடுத்துவிடவேண்டும்,
அதற்கு மேல் அழுத்துவது பாசம் இல்லை, மரை கழன்றுபோகும்.

பத்தொன்பதும் தொட்டவுடன் டக்.
இடது பின்சக்கரத்தில் ஒன்று மட்டும்
கால் சுற்று உள்ளே போய்
அப்புறம் சொன்னது.

கீழே இறங்கினதும்
அதை இன்னொரு தரம் பார்க்கவேண்டும்.