விரிசல் எண் பதினேழு

மாசியில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு
உடைந்திருக்கிறது.
அதன்மேல் நான் எழுதிய தேதியும் பிரிந்துவிட்டது:
நாள் ஒரு பக்கம்,
மாதமும் வருடமும் மறுபக்கம்.

வடக்குச் சுவர். மூன்றாம் வளைவின் தோளில் தொடங்கி
ஜன்னல்வரை சரிகிற கோடு.
அன்று மூன்று மில்லி. இன்று நாலரை.
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் நேர்தான்.
சந்தேகப்படும்படி நேர்.
படிவம் கேட்கிறது:
அசைகிறதா, அடங்கிவிட்டதா?

"ஏணியைக் கொஞ்சம் தள்ளிக்கிட்டா தேவல மேடம்,
பாமாயில் வந்திருக்கு"
என்கிறார் எடைபோடும் வைரக்கண்ணு.
வெட்டாற்றங்கரையில் வழிப்போக்கருக்குச் சோறிட்ட சத்திரம்
இப்போது ரேஷன் கடை.
வரிசை மட்டும் மாறவில்லை.

தள்ளிப்போட்ட இடத்தில் சுத்தியலால் தட்ட
பொள்ளென்கிறது காரை.
எவரோ சிமெண்ட் பூசிப் போயிருக்கிறார்கள்.
உள்ளே போன ஈரம் வெளியேற வழி தெரியாமல்
முழங்கால் உயரத்துக்கு உப்பாகப் பூத்திருக்கிறது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மாடியில், கைப்பிடிச் சுவரின் மூலையில் அரசங்கன்று.
இலை ஏழு. வேர் எவ்வளவென்று சொல்ல முடியாது.
பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும்,
விட்டால் பிறகு வரும்.
படம் 41 என்று குறித்துக்கொண்டு இறங்கினேன்.

வெள்ளையைச் சுரண்டியபோது தெரிந்தது
உள்ளங்கையளவு ஒரு சுண்ணாம்புப் பொட்டு:
12-6-58.
எனக்கு முன்னால் ஒருவர்
இதே விரிசலுக்கு வைத்த காவல்.
கீறல் விழாமல் முழுசாக இருக்கிறது.
விரிசல் அதுவரை வந்து
ஒரு விரல் ஒதுங்கி
மேலே போயிருக்கிறது.
"அடங்கிவிட்டது" என்று எழுதியிருப்பார்.
நானும் எழுதியிருப்பேன்.

"தண்ணி வந்தா இந்தக் கதவு சாத்தாது,
கோடையில தானா சாத்திக்கும்.
இந்த வருசம் ஆடியாகியும் சாத்திக்கிட்டுத்தான் இருக்கு"
என்கிறார், துவரம்பருப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.
மரமா, மண்ணா என்று கேட்டேன்.
"கதவுங்க" என்றார்.

வெளியே வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது.
கரிய களிமண். குனிந்து அளவுகோலை நீட்டினேன்;
நழுவி உள்ளே விழுந்தது.
முழங்கைவரை விட்டுத் துழாவினேன்.
கிடைக்கவில்லை.

காரணம் என்ற கட்டத்தில்
"மேட்டூர் இன்னும் திறக்கவில்லை" என்று எழுதி,
அடித்து,
"அடித்தள மண் சுருக்கம்" என்று எழுதினேன்.
அடித்ததும் படிக்கும்படிதான் இருக்கிறது.

புதுச் சில்லை வைத்து
பசை இறுகும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.
இம்முறை தேதி முழுவதையும்
விரிசலுக்கு இடப்பக்கமே எழுதிவிட்டேன்.