முப்பத்தொரு மணி நேரம்

மரீனா சவுத் படகுத்துறையில் ஒன்பதுக்கு ஏறினோம்.
மிதவைச் சட்டைக்குள் மங்கையர்க்கரசி
தபால்பை போல் இருந்தாள். சொல்லவில்லை.

குசு, செயின்ட் ஜான்ஸ்,
அப்பால் புக்கோம் எண்ணெய் ஆலையின் தீநாக்கு.
எல்லாவற்றுக்கும் படகோட்டி ரோஸ்லான்
ஒரே தொனியில் பெயர் சொன்னார்.

லாசரஸில் நங்கூரம். குதித்தேன்.
ஈசூன் நீச்சல்குளத்தில் கற்றவன் நான்;
அடியில் ஓடும் நீலக்கோட்டைப் பார்த்தே போவேன்.
இங்கே கோடில்லை.
பச்சை, அதற்குக் கீழும் பச்சை.
ஏதோ ஒன்று காலை உரசிப் போயிற்று.
"பாசிதான்" என்றாள், படகிலிருந்தபடியே.
சிரிக்க வாய் திறந்தேன். உப்பு.

திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன்.
கறுத்த உடல், துருக் கசிந்த நங்கூரத் துளை,
பின்புறம் வெள்ளையில் பெயர்.
நேற்று மாலை என் திரையில்
விரல்நகம் அளவு ஆரஞ்சுக் கட்டம் அது.
முனையத்தில் இடமில்லை என்று
இழுத்து ஓரத்தில் விட்டேன்:
முப்பத்தொரு மணி நேரம்.
பிறகு மைலோ குடிக்கப் போனேன்.

அந்தக் கட்டத்தின் கம்பியில்
பனியன்கள் காய்ந்தன.
ஒருவன் வாளியோடு நின்று
எங்கள் படகையே பார்த்தான்.
கை தூக்கினேன்.
வாளியைக் கீழே வைத்துவிட்டு
அவனும் தூக்கினான்.

"தெரிஞ்சவரா?"

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.
வலக்காதுக்குள் கடல் இன்னும் வடியவில்லை.
மணி பன்னிரண்டரை. எங்களுக்கு
ஒரு மணிக்குத் துறை, இரண்டுக்குச் சோறு.
இன்னும் பதினோரு மணி நேரம் என்று
அவனிடம் யாராவது
சொல்லியிருப்பார்களா?