ஒன்றரை ரொட்டி

ரோஸ் ஹில் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில்
அருமூகம் பேக்கரி.
மாவுக் கிடங்குக்கு மேலே ஓர் அறை,
அதில் ஒரு பழைய கணினி, ஒரு ஸ்டூல், நான்.
இரவு பதினொன்றே கால்.

கடைக்காரர்கள் குறுஞ்செய்தியில் கேட்பார்கள்.
பில் மெஷின் கோடு பிரித்த கோப்பாகத்தான் வாய் திறக்கும்.
அடுப்படித் திரைக்கு இரண்டுமே புரியாது.
இத்தனை நாள் நடுவில் நின்றவள் மார்லீன்,
காகிதமும் பென்சிலுமாய்
நாளைக்கு நாற்பது தடவை படியேறி.
அவள் முழங்காலில் அறுவைச் சிகிச்சை.
ஆறு வாரம் விடுப்பு.
அதனால் நான்.

இலவசமா, என்றார் ரூபன் அருமூகம்,
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர் முகத்தோடு.
இலவசம் என்பதைவிடத் திறந்தது என்று சொல்லலாம், என்றேன்.
ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?
அப்போது சொல்லத் தெரியவில்லை.

இறக்கினேன். மூட்டை அவிழ்த்தேன்.
முதல் கட்டளைக்கே
உன் ஜாவாவின் வீடு எங்கே, என்று நின்றது.
காட்டினேன். கிழம், புதியது கொண்டா, என்றது.
கொண்டுவந்தேன்.
8080ஆம் வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, என்றது.
யாரென்று பார்த்தால் கேமரா மென்பொருள்.
சந்தின் மூன்று நாய்களை
ஏழு மாதமாய் எவரும் பார்க்காத படமாக
எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தது.
நான் 8081க்குப் போனேன்.
நாய்களைக் கலைக்கவில்லை.

பிறகு வரிமேல் வரி ஓடி
கறுப்புத் திரை மூச்சு வாங்கியது:
தொடங்கியாயிற்று, பதினொரு விநாடி.

'உள்ளே' கோப்புறையில் விழுவதை
'வெளியே' கோப்புறையில் எடுத்து வை.
முதல் பாடம் அவ்வளவுதான், பன்னிரண்டு வரி.
வெற்றுக் கோப்பொன்றைப் போட்டேன்.
இங்கே காணோம்.
அங்கே இருந்தது!
ஆளில்லா அறையில் கைதட்டிவிட்டேன்,
என்ன ஆச்சு என்று கீழிருந்து கிரியோலில் கத்தினான் ழான்-நோயெல்.

மூன்று மணிக்கு நிஜமான ஆர்டர்.
பள்ளிக்கூடங்களுக்கு: 1,500.
அடுப்படித் திரையில் விழுந்தது:
ஒன்றரை.

முழங்கைவரை மாவோடு மேலே வந்தான்.
"ஒன்றைச் சுட்டுவிடுவேன்.
அந்த அரையை எப்படிச் சுட?"

இந்தத் தீவில் காற்புள்ளிக்கு இரண்டு குடியுரிமை.
ஆங்கிலக் கணக்கில் அது ஆயிரம் மூச்சு வாங்கும் இடம்,
பிரெஞ்சுக் கணக்கில் முழுசு முடிந்து பின்னம் தொடங்கும் இடம்.
பில் மெஷின் அப்படி எழுத
இந்தக் கணினி இப்படிப் படித்தது.
இருவருமே பொய் சொல்லவில்லை.
தமிழில் அது வெறும் கால் புள்ளி;
காலுக்கே ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் ரொட்டி காணாமல் போகிறது,
முழுப் புள்ளி எதைத் தின்னுமோ.

பூட்டிய பெட்டியாயிருந்தால்
கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டு
திங்கட்கிழமைக்குக் காத்திருக்கலாம்.
பள்ளிப் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.
இது திறந்திருந்தது. உள்ளே போனேன்.
எண்களைப் படிக்கும் இடத்தில், இருநூற்றுப் பதினான்காம் வரிக்குமேல்
யாரோ எழுதிவைத்திருந்தார்:
'எந்த ஊர்க் கணக்கு என்று கேள். ஊகிக்காதே.
ஊகித்து ஒரு கப்பல் உருளைக்கிழங்கை இழந்தவன் சொல்கிறேன்.'
பெயரில்லை. ஒரு முதலெழுத்து, ஒரு தேதி.
அன்று அவருக்கும் மணி மூன்றாக இருந்திருக்கும்.

கேட்கச் சொன்னதைக் கேட்கவைத்தேன்.
1500.
கீழே தட்டுகள் உருளும் சத்தம்,
நாலே முக்காலுக்கு இம்தியாஸின் வேன் ஹாரன்.

ஐந்து மணிக்கு மார்லீன் ஃபோன் செய்தாள்.
தூங்கவில்லை போல.
ஆர்டர் வந்ததா? வந்தது.
சரி. லாவாந்தூர் முனைக் கடை நூறு என்று கேட்பான்,
எண்பது அனுப்பு, மிச்சத்தைத் திருப்பிவிடுவான்.
மழை வந்தால் சந்தைக்குப் பாதி.
கான்வென்ட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் இனிப்பு பன்,
அதை அவர்கள் எழுதவே மாட்டார்கள்.

இதெல்லாம் எந்தக் கோப்பில் இருக்கிறது, என்றேன்.
சிரித்தாள்.
வேறென்ன இருக்கிறது, சொல், எழுதிக்கொள்கிறேன்.

கால் ஆறட்டும், என்றாள்.