டார்டெபிக் ஏற்றம்

நீளம் ஐம்பத்தேழு அடி,
அகலம் ஏழடிக்கும் குறைவு.
ஒருவர் அடுப்பிலிருந்து கட்டிலுக்குப் போக
இன்னொருவர் சுவரோடு பல்லியாக வேண்டும்.
இந்தப் படகுக்குள்தான்
கெத்தினையும் டென்சிலையும் ஒரு வாரம் அடைத்துவிட்டாள் லோர்னா,
இவன் வருவதை அவனுக்கும்
அவன் வருவதை இவனுக்கும் சொல்லாமல்.

ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
வூஸ்டரில் சேர்ந்து நடத்திய டைல்ஸ் கடையை
மூடிய அன்று
கடைசிப் பெட்டி நீல டைல்ஸை எடுத்துப்போனது யார்?
அதில் நின்றுபோனது கணக்கும் மற்றதும்.

முதல் நாள் உப்புக்கும் ஹிலரிதான் தூது.
"அந்த ஆளிடம் சொல், மிளகும் வேண்டுமாம்."
தேநீர் கலக்கும்போது மட்டும்
கெத்தின் சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"அவனுக்குச் சர்க்கரை இரண்டு."

சுக்கான் என் கையில்.
இடப்பக்கம் போக வலப்பக்கம் தள்ள வேண்டும்.
அது பிடிபடுவதற்குள்
மூன்று வில்லோ மரங்களுக்குத் தலைவாரிவிட்டேன்.
ஒரு கிழவர் நொண்டி நாயோடு
கரையில் எங்களை முந்திப் போனார்,
முந்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

மூன்றாம் நாள் டார்டெபிக்.
மலைமேல் ஏறும் தண்ணீர்ப் படிகள், முப்பது.
ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு கதவு,
கரைக்கு ஒன்று, கரைக்கு ஓர் ஆள்.
லோர்னாவுக்கு முதுகுவலி (அன்று காலைதான் வந்தது).
ஹிலரி சூப் வைக்கப் போய்விட்டாள்.
மீதி இரண்டு பேர்.

மழை. பேசாமல் தள்ளினார்கள்.
பேசாமல் தள்ளினாலும்
கதவுகள் ஒரே நேரத்தில்தான் சேர்ந்தன.

பதினொன்றாவதில்
கெத்தினின் சுழல்சாவி கை நழுவி விழுந்தது.
"ப்ளக்."
காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினோம்.
வந்தது ஒரு சைக்கிள் மணி.
பிறகு ஒரு பூட்டு, சாவியில்லாமல்.
பிறகு யாருடையதோ ஒரு சுழல்சாவி,
துருவேறிப்போய், எதிலும் பொருந்தாமல்.
எங்களுடையது வரவே இல்லை.

மிச்சம் ஒரே சாவி, டென்சிலிடம்.
தன் பக்கத்து மதகைத் திறந்துவிட்டு
எதிர்க்கரையைப் பார்த்தான்.
இடையில் ஏழடிப் பள்ளம், அதன் அடியில் நான்.
கையை ஓங்கினான்.

"எறியாதே!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு
நேராகச் சொன்ன முதல் சொல்.

டென்சில் எறியவில்லை.
நனைந்த மரத்தின்மேல் அடிமேல் அடி வைத்துக்
கதவைக் கடந்து வந்தான்.
"பிடி," என்றான்.

பதினாலாவதில் தொடங்கியது.
அதுவரை தூதில் போனதெல்லாம் சத்தத்தில் வந்தது:
வாடகை, வங்கி, டென்சிலின் அண்ணி சொன்னது,
கெத்தின் கல்யாணத்துக்கு வராதது,
நீல டைல்ஸ்.
ஒவ்வொரு படியிலும் நான் பள்ளத்துக்குள் நுழைவேன்.
பாசிச் சுவர், வழியும் செங்கல், மேலே கீற்று வானம்.
தெரிவது நான்கு பூட்ஸ் மட்டும்.
தண்ணீர் ஏற ஏற
முழங்கால், பெல்ட்,
ஆட்டும் கைகள்,
அப்புறம் முகங்கள், சிவந்து போய்.
அடுத்த படிக்கு மறுபடியும் பூட்ஸ்.

இருபத்திரண்டாவதில்
கெத்தின் ஏதோ கேட்டான்.
டென்சில் பதில் சொன்னான்.
அந்த நேரம் பார்த்து மதகு முழுக்கத் திறந்து
தண்ணீர் இரைந்தது, எஞ்சின் இரைந்தது,
எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை.
மேலே வந்து சேர்ந்தபோது
இருவரும் ஒரே கதவில் முதுகைச் சாய்த்து
மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் சிரித்தான். எவன் என்று
மழைத்தொப்பியில் தெரியவில்லை.

முப்பதும் முடிய இருட்டிவிட்டது.
தேவாலயக் கோபுரத்தின் கீழே படகைக் கட்டினோம்.
ஹிலரியின் சூப் அடிப்பிடித்திருந்தது.
கழிவறைப் பெட்டி நிறைந்திருந்தது.
அதைச் சுமப்பது யார் என்று சீட்டுப் போட
லோர்னா தீக்குச்சி தேடுவதற்குள்
அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
கரையோடு நடக்கத் தொடங்கிவிட்டார்கள்,
"ஆட்டாதே" "நீ ஆட்டாதே" என்று.

நீல டைல்ஸ் யார் வீட்டில் இருக்கிறது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.